வண்டிவீட்டுக் குளியலறைக் கதவு

1

நாங்கள் குடியிருப்பது ஒரு வண்டியில் என்று சொன்னால், ஊரில் பாதிப் பேர் நாங்கள் சுற்றுலாவில் இருப்பதாக நினைக்கிறார்கள். மீதிப் பேர் ஏதோ கஷ்டகாலம் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாக விளக்கி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஒரு பால்பவுடர் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த சிறிய ஊர் இது. தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பாலைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஊரில் வேலை தாராளமாக இருக்கிறது. வாடகைக்கு வீடுதான் இல்லை. ஒரு வீடு காலியாகிறது என்று தெரிந்தால் அதைப் பார்க்க வாசலிலிருந்து தெருமுனைவரை ஆட்கள் நிற்பார்கள். தொழிற்சாலை விடுதியில் இருந்துகொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வரிசைகளில் நின்றோம். ஒவ்வொரு இடத்திலும் முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் கேட்டார்கள். விடுதி கணக்கில் வராதாம். வீடு கிடைக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே ஒரு வீடு கிடைத்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம் போல. கடைசியில் ஒரு பழைய மோட்டார்ஹோமை வாங்கி, ஊரோரத்து முகாம் மைதானத்தில் மாத வாடகைக்கு ஓர் இடம் பிடித்து நிறுத்திக்கொண்டோம்.

பேருந்தில் பாதி நீளம் இருக்கும். உள்ளே கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேசை, கழிப்பறை, குளியலறை. முன்னால் ஸ்டியரிங். நானும் என் கணவர் கார்த்தியும் மட்டும்தான். கார்த்தி மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, அங்கே ஓட்டலில் சமையல் கற்று, இப்போது இந்த ஊர் ஓட்டலில் சமைக்கிறார். நான் பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே நெல் விளையும் பூமியில் பிறந்தவள். கேரளத்துத் தமிழர்கள் என்று எங்களை ஒரே பெட்டியில் போடுவார்கள். ஆனால் அவர் பேசும் தமிழ் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் சொந்தம், என் தமிழ் கோயம்புத்தூருக்குச் சொந்தம். கல்யாணமான புதிதில் நான் ‘ஊடு’ என்றால் அவர் சிரிப்பார், அவர் ‘அங்கிட்டு’ என்றால் நான் சிரிப்பேன்.

இனி அந்தக் குளியலறை. ஓர் ஆள் நிற்கலாம், கையை நீட்ட முடியாது. அதற்கு ஒரு தள்ளு கதவு. பிளாஸ்டிக் பலகை மேலே இரண்டு சிறிய சக்கரங்களில் தொங்கும். சக்கரங்கள் ஒரு தண்டவாளத்தில் ஓடும். கீழ் விளிம்பு தரையில் உள்ள பள்ளத்தில் நகரும். மூடினால் விளிம்பில் இருக்கும் காந்தம் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் கதவு அந்தக் காந்தத்துக்கு நாலு விரற்கடை முன்பே நின்றுவிடும். எதிரே கையெட்டும் தூரத்தில் சாப்பாட்டு மேசை. எங்கள் இருவருக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை.

அம்மா வருகிறாள் என்று முடிவானதும்தான் அது குறை என்று தெரிந்தது.

2

அம்மா ஊரைவிட்டு அதிகம் போனால் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வரை போயிருப்பாள். அறுப்பு முடிந்து, மாட்டையும் வீட்டையும் அப்பாவிடமும் தம்பியிடமும் விட்டுவிட்டு, இரண்டு மாதம் என்னோடு இருக்க வருகிறேன் என்று அவளே சொன்னாள். வண்டியில் வாழ்வதைப் பற்றி நான் முன்பே சொல்லியிருந்தேன். வீடியோவில் எல்லாவற்றையும் காட்டினேன். அடுப்பைப் பார்த்துத் தலையாட்டினாள். கட்டிலைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

“ஊடு எப்படி இருந்தாலும் செரி கண்ணு. குளிக்கற எடம் மட்டும் மறைவா இருக்கோணும். மாப்பிள்ளை பொழங்கற எடம்.”

“இருக்குதும்மா. கதவு இருக்குது.”

“கதவு இருக்குதா, சாத்தற கதவு இருக்குதா?”

நான் போனை வேறு பக்கம் திருப்பி ஜன்னலைக் காட்டினேன்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொருவர் இருந்தார். சுகந்தி அக்கா, என் பெரியம்மா மகள். விமான நிலையம் இருக்கும் நகரத்தில் அவருக்குப் பெரிய வீடு. கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். இங்கிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். அம்மாவின் விசாவுக்கு விண்ணப்பித்தபோது, வருகிறவர் எங்கே தங்குவார் என்று கேட்டிருந்தார்கள். முகாம் மைதானத்தின் இட எண்ணைப் போட்டேன். அது முகவரி ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா உடனே தன் வீட்டு முகவரியைக் கொடுத்தார், கையெழுத்தும் போட்டார். நல்ல மனுசி. ஆனால் கொடுத்த முகவரிக்கு ஆள் வந்து சேர வேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது.

“சின்னம்மாவ வண்டிக்குள்ள வெச்சுக்கறதா? ஊருல கேட்டா என்ன சொல்லுவாங்க? ரெண்டு மாசம் இங்கியே இருக்கட்டும். லீவு நாள்ல நீ வந்து பாத்துட்டுப் போ.”

“நானு பாத்துக்கறனுங்க்கா.”

“குளிக்கற கதவே சாத்தறதில்லைன்னு கார்த்தி சொன்னாப்ல. அதுல எப்படி அவங்க குளிப்பாங்க?”

கார்த்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெங்காயத்தில் மும்முரமாக இருந்தார்.

அக்கா வீட்டில் இரண்டு மகள்கள். கீழே சாப்பாடு தயார் என்பதைக்கூட மாடிக்கு மெசேஜில்தான் சொல்ல வேண்டும். நான் போனால் “ஹாய் சித்தி” என்பார்கள், அதோடு தமிழ் முடிந்துவிடும். அம்மா அந்த வீட்டின் சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், நான் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போய் அவளைப் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். இத்தனை தூரம் படித்து வந்தது என் அம்மாவை இன்னொருவர் வீட்டில் விருந்தாளியாகப் போய்ப் பார்ப்பதற்கு இல்லை.

அம்மாவும் பிடிகொடுக்காமல் ஒரு வழி சொன்னாள். “மொத நாளு சுகந்தி ஊட்டுல எறங்கிக்கறன். அடுத்த நாளு அங்க வந்து குளிச்சுப் பாத்துப்போட்டு, எங்க இருக்கறதுன்னு சொல்றன்.”

ஆக எல்லாம் அந்தக் கதவில் வந்து நின்றது.

3

முதல் காரியமாக நான் செய்தது, எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் செய்வதுதான். தேங்காய் எண்ணெயை எடுத்தேன்.

எங்கள் ஊரில் எது கத்தினாலும் அதற்குத் தேங்காய் எண்ணெய். கேட்டின் கீல், தையல் மிஷின், கிணற்று ராட்டு, குழந்தையின் காது. எண்ணெய்க் குப்பியைத் தேடிப் போக வேண்டாம், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். தண்டவாளத்தில் தாராளமாக ஊற்றினேன். கீழ்ப் பள்ளத்திலும் ஊற்றினேன். கதவு வெண்ணெய்போல ஓடியது. ஒரே தள்ளில் காந்தம் வரை போய் ‘டக்’ என்றது. கார்த்தியைக் கூப்பிட்டு நாலைந்து முறை தள்ளிக் காட்டினேன். அக்காவுக்கு ஒரு வீடியோவும் அனுப்பினேன். அதை அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

காலையில் வண்டிக்குள் நல்ல குளிர். ஹீட்டரை இரவில் அணைத்துவிடுவோம். குளிக்கப் போனால் கதவு அசையவில்லை. மேலே விளக்கடித்துப் பார்த்தேன். தண்டவாளம் முழுக்க வெள்ளை வெளேரென்று எண்ணெய் உறைந்து கிடந்தது. கீழ்ப் பள்ளத்தில் சோப்பு அழுக்கும் தலைமுடியும் மணலும் அதில் பிடித்துப் பசையாகிவிட்டன.

தலைக்கு வைக்கும் எண்ணெயைத் தினமும் வெந்நீர்க் குவளையில் இறக்கி உருக்கித்தான் எடுக்கிறேன். அதே எண்ணெய் தண்டவாளத்தில் போனாலும் உறையும் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கைப்பழக்கம் என்பது அப்படித்தான் போல.

கார்த்தி கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். “ஏ புள்ள, எங்க எஸ்டேட்ல மார்கழி வந்துட்டா எண்ணெய்க் குப்பிய அடுப்படியிலதான் வச்சிருப்போம். நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்னு வேற சொல்லிக்கிட்டுத் திரியுற.”

“எங்க ஊருல மார்கழியிலயும் வேர்க்குமுங்க. எந்திரிச்சு வந்து புடிங்க.”

“சூடு காட்டு, எளகிரும்.”

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சூடு காட்டப் பொறுமை இல்லை. கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். மேலே ஏதோ ஒடிந்தது. கதவின் ஒரு பக்கம் இறங்கி, தண்டவாளத்திலிருந்து சாய்ந்து தொங்கியது. உடைந்த சக்கரத்தின் பாதி என் காலடியில் வந்து விழுந்தது.

கார்த்தி சிரிப்பை நிறுத்திவிட்டார்.

4

பழுது பார்க்கிற கடைக்குப் போன் செய்தேன். எங்கள் பக்கத்தில் மிக்சி ஓடாவிட்டாலும் பஸ் நின்றுபோனாலும் ‘கம்ப்ளெயின்ட் ஆயிடுச்சு’ என்றுதான் சொல்வோம். தமிழ் பேசினாலும் மலையாளம் பேசினாலும் அதே வார்த்தை. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன், என் கதவு கம்ப்ளெயின்ட் என்று. எடுத்த பெண் மிகுந்த மரியாதையோடு, யார் மேல் புகார் என்று கேட்டாள். கதவு மேல் என்றேன். அவள் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். பிறகு நிதானமாக, சக்கரம் உடைந்துவிட்டது என்று சொன்னதும் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் ஆள் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றாள். அதற்குள் அம்மா வந்திருப்பாள்.

சரி, நானே மாட்டுகிறேன், சக்கரம் மட்டும் கொடுங்கள் என்றேன். வண்டியின் உடலைக் கட்டிய கம்பெனி எது, கதவின் மாடல் எண் என்ன என்று கேட்டாள். கம்பெனி மூடிப் பல வருடமாகிவிட்டது. மாடல் எண் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது.

இது எனக்குப் புதிய நிலைமை இல்லை. எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் என்பதால், புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் அதோடு வரும் தாள் என் கைக்கு வந்துவிடும். காஸ் அடுப்பு வந்தபோது நான் ஏழாவது. ரெகுலேட்டரை மாட்டப் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடலாமா என்று அப்பா கேட்டார். தாளில் மலையாளமும் இங்கிலீஷும் இருந்தன. இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்து, படத்தைப் பார்த்து, நானே மாட்டினேன். அம்மா பக்கெட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றாள். அடுப்பு எரிந்தது. அதன் பிறகு மிக்சி, மோட்டார் பம்ப், வில்லேஜ் ஆபீசில் கொடுக்க வேண்டிய அபேட்சை மனு எல்லாம் என்னிடம்தான். படித்த பிள்ளைக்குத் தெரியாதது இருக்காது என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நான் எத்தனையோ ராத்திரி பயந்திருக்கிறேன். ஆனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இந்தக் கதவுக்கு வாசிக்கத் தாள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உடைந்த சக்கரத்தின் இரண்டு துண்டுகளையும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு இடைவேளையில் வெர்னியர் அளவுகோலால் விட்டம், அகலம், நடுப்பள்ளத்தின் ஆழம் எல்லாம் அளந்தேன். பிறகு இணையத்தில் தேடினேன். மோட்டார்ஹோம் சாமான்களில் இல்லை. சாதாரண வீட்டுக் குளியலறைக் கதவுக்கான சக்கரங்களில் அதே அளவு கிடைத்தது. ஒன்று போதும், இரண்டு வாங்கினேன். ஒரு கதவுக்குப் புதுக்கால் ஒன்று, பழங்கால் ஒன்று என்றால் நொண்டும். அனுப்புகிறவர்களும் முகாம் இட எண்ணை முகவரியாக ஏற்கவில்லை. தொழிற்சாலை முகவரியைக் கொடுத்தேன். என் பெயருக்கு ஒரு முகவரி வேண்டும் என்றால் இந்த நாட்டில் என் வேலைதான் அது.

5

சக்கரம் வந்த சனிக்கிழமை கதவைக் கழற்றினோம். கார்த்தி கீழே தாங்கிப் பிடிக்க, நான் முக்காலி மேல் ஏறி, பலகையை மேலே தூக்கி, கீழ் விளிம்பை என் பக்கம் இழுத்து, தண்டவாளத்திலிருந்து எடுத்தேன். வெளியே புல்லில் கிடத்தினோம். தண்டவாளத்தையும் பள்ளத்தையும் வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி வைத்துத் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசம் போகவே இல்லை. வண்டி முழுக்க ஏதோ பலகாரம் சுட்ட வீடு மாதிரி இருந்தது.

புதுச் சக்கரங்களை மாட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். சக்கரத்தைப் பிடிக்கும் திருகு நட்டநடுவில் இல்லை, கொஞ்சம் ஓரமாக இருந்தது. திருப்பினால் கதவின் அந்தப் பக்கம் ஏறும், இன்னும் திருப்பினால் இறங்கும். கதவை நேராகத் தொங்கவிட அதுதான் வழி. கார்த்தி தள்ளி நின்று பார்த்து “இங்கிட்டு ஏத்து, அங்கிட்டு எறக்கு” என்று சொல்ல, நான் திருப்பினேன். சட்டத்துக்கும் கதவுக்கும் இடையில் இருந்த சந்து மேலும் கீழும் ஒரே அளவானது. எண்ணெய்க்குப் பதிலாக, தெளித்தால் காய்ந்துவிடும் சிலிகான் ஸ்பிரே அடித்தேன். கதவு ஓடியது. காந்தம் பிடித்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். என் முதுகுக்குப் பின்னால் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். கதவு தானாகத் திறந்துகொண்டு வண்டியின் பின்பக்கமாகப் போய் நின்றது.

“யாரு புள்ள உள்ள?” என்றார் கார்த்தி.

மறுபடி மூடினேன். கொஞ்ச நேரம் நின்றது. யாரோ உள்ளிருந்து தள்ளியது மாதிரி மறுபடி திறந்தது. முன்பு அழுக்கில் சிக்கி நாலு விரல் பாக்கி வைத்துக்கொண்டிருந்த கதவு, இப்போது சுத்தமானதும் முழுக்கத் திறந்துகொள்கிறது. திருகுகளை ஏற்றினேன், இறக்கினேன். அடுத்தடுத்த சாயங்காலங்களில் வேலை விட்டு வந்ததும் அதே வேலை. நேராக இருந்த இடைவெளியையும் கோணலாக்கி வைத்தேன்.

“ஒரு கயித்தக் கட்டி உள்ள கொக்கியில மாட்டிக்கிரச் சொல்லுவோம். ரெண்டு மாசந்தான?” என்றார் கார்த்தி.

“எங்கம்மாவுக்குக் கயிறு கட்டின கதவு வேண்டாமுங்க.”

“இல்லன்னா அத்தை சுகந்தி அக்கா வீட்டுலயே வசதியா இருந்துட்டுப் போகட்டும். நீ எதுக்கு இப்படி மல்லுக்கட்டுற?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் அன்றைக்கு அவரோடு அதற்குமேல் பேசவில்லை. திருகையும் தொடவில்லை. குளியலறைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப ஒரே பக்கம்தான் போகிறது. பின்பக்கம். கதவுக்கு என்று ஒரு புத்தி கிடையாது. அது பள்ளத்தைப் பார்த்துப் போகிறது.

எழுந்து ஒரு குவளைத் தண்ணீரைக் குளியலறைத் தரையில் ஊற்றினேன்.

நாற்று நடுவதற்கு முன்னால் வயலில் தண்ணீர் கட்டுவார்கள். சேறு தலைகாட்டும் இடம் மேடு, தண்ணீர் ஆழமாக நிற்கும் இடம் பள்ளம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் வயல், தண்ணீர் கட்டியதும் தன் கோணலை எல்லாம் காட்டிவிடும். பள்ளிக்கூடம் போவதற்கு முன் நானும் தம்பியும் பலகையால் மேட்டுச் சேற்றை இழுத்துப் பள்ளத்தில் விடுவோம். அந்த வேலை எனக்குப் பிடித்ததே இல்லை. யூனிபார்மில் சேறு தெறிக்கும், வகுப்பில் மூக்கைப் பொத்துவார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஊற்றிய தண்ணீர் நடுவில் இருந்த துளைக்குப் போகவில்லை. பின்மூலைக்குப் போய்க் குளமாக நின்றது.

கதவில் கோணல் இல்லை. வண்டியே பின்பக்கம் இறங்கி நின்றது. மழைக்குப் பிறகு சக்கரத்தடியில் கிடந்த ஜல்லி அமுங்கியிருக்க வேண்டும். இத்தனை நாள் அந்தச் சரிவில் தூங்கி, சமைத்து, சாப்பிட்டதில் எங்கள் உடம்புக்கு அது சமதரையாகிவிட்டிருந்தது.

“ஏனுங்க, வண்டிய எடுங்க.”

“எங்க போறோம்?”

“எங்கியும் இல்லீங்க. அரை அடி முன்னால போயிட்டுப் பின்னால வரப்போறோம்.”

ஓட்டலுக்குச் சரக்கு வரும் மரத்தட்டுகளின் பலகைகள் சிலவற்றை கார்த்தி கொண்டுவந்து வைத்திருந்தார். பின்சக்கரங்களுக்குப் பின்னால் அவற்றை அடுக்கினேன். அவர் வண்டியை ஏற்ற, நான் உள்ளே குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்து “இன்னும், இன்னும், போதும்” என்று கத்தினேன். பின்மூலைத் தண்ணீர் மெல்ல நகர்ந்து நடுத்துளைக்கு வந்து இறங்கியது. திருகுகளை மறுபடி நேராக்கினேன். கதவைப் பாதியில் விட்டுவிட்டுக் கையை எடுத்தேன். பாதியிலேயே நின்றது. முக்காலில் விட்டேன். முக்காலில் நின்றது. மூடினேன். காந்தம் பிடித்தது. விட்ட இடத்தில் நின்றது.

கார்த்தி வந்து எட்டிப் பார்த்து, “இனி அத்தை வரட்டும்” என்றார். அவரோடு மறுபடி பேச ஆரம்பித்தேன்.

6

சுகந்தி அக்காவின் கார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதானத்துக்குள் வந்தது. அம்மா சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் புது ஷூ. இறங்கியதும் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“எளச்சுட்டயே கண்ணு.”

கார்த்தி பெட்டியை எடுக்க டிக்கியின் பக்கம் போனார். “அது கெடக்கட்டும் கார்த்தி, அப்பறம் பாத்துக்கலாம்,” என்றார் அக்கா. அம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு மாற்றுச் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சுவரைத் தடவினாள். “ரயில்ல இருக்கறாப்பல இருக்குது,” என்றாள். பிடித்துச் சொன்னாளா, பிடிக்காமல் சொன்னாளா என்று தெரியவில்லை.

கார்த்தி தானாகவே வெளியே போய், மேசை போட்டு டீ வைக்க ஆரம்பித்தார். அக்கா உள்ளே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். நான் அம்மாவுக்கு வெந்நீர்க் குழாயைத் திறக்கக் காட்டிக் கொடுத்து, சின்ன வாளியும் வைத்துவிட்டு வந்தேன். கதவு மூடி ‘டக்’ என்றது. அக்கா அதைக் கவனித்ததை நானும் கவனித்தேன்.

பிறகு கதவின் மேல்விளிம்பு வழியாகப் பச்சைச் சேலை ஒன்று வெளியே வந்து தொங்கியது.

எங்கள் ஊரில் வெகுகாலம் வீட்டுக்குப் பின்னால் நாலு ஓலைத்தட்டி நட்ட மறைப்புதான் குளிக்கும் இடம். அதற்குக் கதவு கிடையாது. உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம், தட்டி மேல் சேலையைப் போடுவது. சேலை தொங்கினால் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். என் முதல் சம்பளத்தில் சிமென்ட் குளியலறை கட்டி, இரும்புக் கதவும் தாழ்ப்பாளும் வைத்துக் கொடுத்தேன். அப்போதும் அம்மா கதவு மேல் சேலையைப் போட்டுவிட்டுத்தான் குளிப்பாள். தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது, வெளியே வருகிறவனுக்கு எப்படித் தெரியும் என்பாள்.

அந்தக் கதவின் மேல் சக்கரம் இல்லை. இந்தக் கதவின் மேல் இருக்கிறது. எனக்கு அது உறைக்கவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவு ஒரு கையளவு திறந்து நின்றுவிட்டது.

“கண்ணு.”

“என்னம்மா?”

“கதவு நகர மாட்டீங்குது.”

அக்கா எழுந்துவிட்டார். “நாஞ்சொன்னனல்ல? கார்த்தியக் கூப்பிடு. ஒரு இழுப்பு இழுத்தா வந்துரும்.”

உள்ளே இருந்து அம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது. “ஆரையும் கூப்பட வேண்டாம்.”

“அதுக்குன்னு அதுக்குள்ளயே நிப்பீங்களா சின்னம்மா? ஈரத்தோட?”

“அவரக் கூப்பட வேண்டாம்னு சொல்றன்.”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிடம் அப்படி நின்றால் அம்மா இந்த வண்டிக்குள் இனி ஒரு நாளும் குளிக்கமாட்டாள். முக்காலியைப் போட்டு ஏறினேன். சேலையின் விளிம்பைச் சக்கரம் விழுங்கியிருந்தது. தண்டவாளத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே துணி நசுங்கி நின்றது. இழுத்தால் சேலை கிழியும், அல்லது சக்கரம் தண்டவாளத்தைவிட்டு இறங்கிக் கதவு அம்மா மேல் சாயும்.

“அம்மா, கதவ இழுக்காத. கைய எடு.”

“எடுத்துட்டன்.”

“இப்ப சாத்தற பக்கமா மெதுவாத் தள்ளு.”

“நான் வெளிய வரோணும் கண்ணு. சாத்தச் சொல்றயே?”

“மொதல்ல சாத்து. அப்பறம் வரலாம்.”

உள்ளே ஒரு மூச்சுச் சத்தம். கதவு மூடும் பக்கமாக மெல்ல நகர்ந்தது. சக்கரம் எதிர்ப்பக்கம் உருண்டு, விழுங்கிய துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தது. நான் மேலிருந்து அதை வாங்கிக்கொண்டே வந்தேன். கடைசி விளிம்பும் வெளியே வர, கதவு காந்தத்தில் போய் ஒட்டியது.

“இப்பத் தொற.”

திறந்தது. நான் பார்க்காமல் சேலையை உள்ளே நீட்டினேன். கதவு மறுபடி மூடிக்கொண்டது. சக்கரத்தில் எண்ணெய் இல்லாததால் சேலையில் கறைகூட இல்லை.

அம்மா வெளியே வந்து, எங்கள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். டீ வாசம் உள்ளே வந்தது. அக்காதான் முதலில் பேசினார்.

“இருட்டறதுக்குள்ள கெளம்பீரலாம் சின்னம்மா. எங்க ஊட்டுல மூணு பாத்ரூம் இருக்குது. ஒண்ணும் இப்படி மாட்டிக்காது.”

அம்மா துண்டை உதறினாள். “மூணையும் ஆரு கண்ணு கழுவறது?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாந்தான். வேற ஆரு? புள்ளைங்களா கழுவும்?”

“அதானே.”

“வெளையாட்டு இல்ல சின்னம்மா. விசாவுலயும் எங்க ஊட்டு அட்ரஸ்தான் இருக்குது.”

“அட்ரஸு அங்கியே இருக்கட்டும். நான் இங்க இருந்துக்கறன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “மாப்பிள்ளை, பொட்டிய எறக்கீருங்க.”

கார்த்தி டீக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே டிக்கியின் பக்கம் போனார். அக்கா கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டார். பிறகு இரண்டு டம்ளர் டீ குடித்தார், அம்மா கொண்டுவந்த முறுக்கில் பாதியைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார், அடுத்த வாரம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கதவு சாத்துகிறதா இல்லையா என்பது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கொக்கி வாங்கினேன். குளியலறைக்கு வெளியே, சேலை பறந்தாலும் தண்டவாளத்தைத் தொடாத இடமாகப் பார்த்துச் சுவரில் திருகினேன். அம்மா சப்பாத்திக் கட்டையோடு வந்து பார்த்தாள்.

“என்ன இது?”

“உன்ற சேலைக்கு. உள்ள போறப்ப இதுல மாட்டிக்க. கதவு மேல வேண்டாம்.”

கையை உயர்த்திப் பார்த்தாள். விரல்நுனி எட்டவில்லை.

“உன்ற ஒசரத்துக்கு வெச்சிருக்கற. எனக்கு எட்டோணுமல்ல?”

கழற்றி ஒரு சாண் கீழே இறக்கி வைத்தேன்.